முன்னே போகிறவளின் கால்

பெற்ற பெண்ணாகவே இருக்கட்டும், ஒருத்தி நம் முகத்தைப் பார்க்காமல் காலையே உற்று உற்றுப் பார்த்தால் சந்தேகம் வருமா, வராதா? அந்தோணியம்மாளுக்கு வந்தது. சந்தியா சும்மாவும் பார்க்கவில்லை. உப்பளத்து வரப்போரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செல்போனைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு, கூடை தூக்கிப் போகிற பொம்பளைகளை இடுப்புக்குக் கீழே படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்ற அங்க?" என்று தலைச்சுமையோடு நடந்தபடியே கேட்டாள் அந்தோணியம்மாள்.

"நீ பாட்டுக்குப் போம்மா. என்னப் பாக்காத. பாத்தா நடை மாறிடும்."

நடை மாறிடுமாம்! அந்த வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. ஊரில் ஆயிரம் வார்த்தை இருக்க, இந்தப் பெண்ணின் வாயில் நடை என்கிற வார்த்தை ஏன் வர வேண்டும்?

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அந்தோணியம்மாளுக்குக் கனம் மடியில் இல்லை, இடது முட்டியில் இருந்தது. போன வருசம் ஐப்பசி மழைக்கு முன்னால், கடைசி உப்பை அள்ளிக் கரையேற்றுகிற அவசரத்தில் வரப்பில் வழுக்கி விழுந்தாள். வீங்கியது, வற்றியது, நடந்தாள். தை பிறந்து, எல்லாரும் வரிசையாக நின்று பாத்திக் களிமண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்துகிற வேலை வந்தபோதுதான் அது பழைய கால் இல்லை என்று தெரிந்தது. ஊன்றும்போது உள்ளே என்னவோ இடறியது. கூடை தலையில் ஏறினால் அந்தக் கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் வந்தது.

சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே என்றால், சொன்னால் அரைப் பங்கு. விருத்தாம்பாள் முன்னால் நின்று வேலைக்குக் கூட்டிப்போகிற செட்டில் சட்டம் அப்படி. ஆம்பளைகள் நீளப் பலகை போட்டு உப்பை வாரி வரப்போரம் சேர்ப்பார்கள். பொம்பளைகள் அதைக் கூடையில் சுமந்து போய் மேற்கே மண்ரோட்டோரம் கொட்டி அம்பாரமாக ஏற்றுவார்கள். அம்பாரத்துக்கு மொத்தமாக வருகிற கூலியைச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். முடியாமல் போனவள் சுமையை விட்டுவிட்டு, மண்வெட்டி பிடித்துக் கூடை ரொப்புகிற இடத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே அரைப் பங்கு. "ஈவு இரக்கம் பாத்தா செட்டு நடக்காது" என்பாள் விருத்தாம்பாள். ரொப்புகிற இடத்துக்குப் போனவள் எவளும் மறுபடி கூடைக்குத் திரும்பி வந்ததில்லை.

அதனால் அவள் ஒரு வேலை செய்தாள். வரிசையில் கொளஞ்சியம்மாளுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டாள். கொளஞ்சி அடுத்த வீட்டுக்காரி, நல்ல கனத்த உடம்பு. ஒற்றை வரப்பில் அவளைத் தாண்டி எவளும் முந்த முடியாது. வரிசை சுணங்கினால், கொளஞ்சி ஆடி அசைந்து போகிறாள் என்றுதான் பின்னால் வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள். தான் இத்தனை மெதுவாகப் போயும் தனக்கும் கொளஞ்சிக்கும் நடுவில் இடைவெளியே விழவில்லை என்பது அந்தோணியம்மாளுக்குப் பெரிய நிம்மதி. பாவம், உடம்பு பெருத்தவளுக்கு அவ்வளவுதான் வேகம் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்படி ஒரு ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும்போது சொந்தப் பெண்ணே வந்து காலைப் படம் பிடித்தால் எப்படி இருக்கும்?

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கதை. சந்தியா அரிசி டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்து, டேபிள் ஃபேனைத் தன் பக்கம் திருப்பாமல் அதன் பக்கம் திருப்பிவிட்டு உட்கார்ந்திருந்தாள். பி.சி.ஏ. படித்த பெண். ஆரோவில்லில் ஒரு சின்ன ஆபீஸில் வெப்சைட் செய்கிற வேலை. வாரத்தில் பாதி நாள் பஸ், பாதி நாள் வீடு. வீட்டில் இருக்கிற நாளில் இப்படித்தான், சோற்றுக்குக் கூப்பிட்டால் காதில் விழாது.

அந்தோணியம்மாள் மத்தியானப் பழைய சோற்றைப் பிழிந்துகொண்டே எட்டிப் பார்த்தாள். திரையில் ஒரு கால். முட்டிக்கு ஒரு புள்ளி, கணுக்காலுக்கு ஒரு புள்ளி, நடுவில் கோடு.

"இன்னாடி அது?"

"எலும்பு வைக்கிறேம்மா."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

"ஆண்டவரே! உயிரோட இருக்கறவளுக்கு எதுக்குடி புதுசா எலும்பு?"

சந்தியா சிரித்தாள். "ஐய, அப்புடியில்லம்மா. படத்துல ஆள வரைஞ்சா மட்டும் நடக்காது. உள்ள எலும்பு வச்சாத்தான் முட்டி மடங்கும். இந்த டூல்ல எலும்பு வைக்கலாம். இன்னொன்னுல கோடு நல்லா வருது, ஆனா எலும்பு இல்ல. மூணாவது ஒன்னு இருக்குது, போன்ல விரல வச்சுத் தள்ளினா ஆளு நடக்கற மாரி பண்ணித் தரும். அது பத்து நாளைக்குத்தான் ஃப்ரீ. மூணுத்தயும் போட்டுப் போட்டுப் பாத்துக்கினு இருக்கேன்."

"நெட்டுல ரெடிமேடா எல்லாமே கெடைக்கும்னு சொல்வியே."

"கெடைக்குது. ஒரு பொம்மை எடுத்துக் கூடைய தலையில வச்சேன். பார்க்குல வாக்கிங் போற மாரி கைய வீசிக்கினு போவுது. பாத்தாலே சிரிப்பு வருது. அதான் நெஜமா நடக்கறத எடுத்தேன்."

"அதுக்கு மூஞ்ச எடுக்கறது. காலு எதுக்கு?"

"மூஞ்சி வந்தா உங்க செட்டு சும்மா வுடுமா? என்னக் கேக்காம எப்புடி எடுத்தன்னு சண்டைக்கு வரும். காலும் நெழலும் மட்டும்னா யாருன்னு தெரியாது இல்ல?"

யாரென்று தெரியாதாம். அந்தோணியம்மாள் ஒரு மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பெண் சொல்வதெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒழுங்காக இருப்பதுதான் அவளுக்கு உறுத்தியது.

"யாருக்குடி இந்த வெப்சைட்டு?"

"சதீஷ் சாருக்கு."

பிழிந்த சோறு கையிலேயே நின்றது. சதீஷ் என்றால் உப்பள முதலாளி அர்ச்சுனனின் மகன். சென்னையில் எங்கேயோ வேலை பார்த்துவிட்டு இந்த வருசம்தான் ஊரோடு வந்திருக்கிறான். அப்பனாவது தலையைச் சொறிந்துகொண்டு, போனால் போகிறது என்று விடுகிற ஆள். பிள்ளை அப்படி இல்லை. வந்த நாளாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கிறான். பார்ப்பவன் ஒன்றும் சொல்வதும் இல்லை.

"உப்ப பாக்கெட்டு போட்டு நெட்டுல விக்கப் போறாரும்மா. நான் ஆபீஸு இல்லாம தனியா செய்யற மொத வேலை இது. நல்லா வந்துட்டா ஆரோவில்ல இன்னும் நாலு பேரு குடுப்பாங்க."

"அந்தப் புள்ளதான் காலப் படம் புடிக்கச் சொன்னானா?"

"அவரு இன்னாத்த சொன்னாரு? உப்பு எப்புடி வருதுன்னு காட்டணும்னாரு. மத்ததெல்லாம் என் ஐடியா."

என் ஐடியாவாம். சின்னப் பெண், எவன் சொல்லிக்கொடுத்தாலும் தன் ஐடியா என்றுதான் நினைத்துக்கொள்ளும்.

சாயங்காலம் மரியதாஸ் கட்டிலில் உட்கார்ந்து, உப்பில் வெடித்த பாதத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அவர் காதில் போட்டாள். அவரும் அதே உப்பளத்தில் பலகை போடுகிறவர். மனைவியின் முட்டி விஷயம் தெரிந்த ஒரே ஆள்.

"அந்தப் பையன் இவள வச்சு வேவு பாக்கறான். எவ நொண்டறா, எவ சுணங்கறான்னு."

"தே, சும்மா கெட. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. அவன் உப்பு விக்கப் பாக்கறான்."

"உப்பு விக்கறவனுக்கு எதுக்கு என் முட்டியில புள்ளி?"

மரியதாஸ் எண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார். "நான் தையிலயே சொன்னேன். விருத்தாம்பாளாண்ட போயி ஒரு வார்த்த சொல்லிடு, முட்டிக்கு வைத்தியம் பாத்துக்கலாம்னு. நீ கேக்கல. இப்ப பெத்த பொண்ணு மேலயே சந்தேகப்படற."

"சொல்லிட்டு? மண்வெட்டியப் புடிச்சிக்கினு ஓரமா நிக்கச் சொல்றீங்களா? என் வயசுல எவ நிக்கறா அங்க?"

அந்தோணியம்மாள் எண்ணெயைத் தொட்டு முட்டியில் தேய்த்தாள். சூடு பறக்கத் தேய்த்தும் உள்ளே இருந்த இடறல் அப்படியேதான் இருந்தது.

மறுநாள் உப்பளத்தில் டீ கேன் வந்தபோது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. பாத்தியைப் பார்த்தால் கண் கூசியது. பாதி ஏறின அம்பாரத்தின் நிழலில் செட்டு முழுக்க உட்கார்ந்தது. பேச்சை ஆரம்பித்து வைத்தவள் கலைமதி. பிரம்மதேசத்திலிருந்து வேலைக்கு வருகிற சின்னப் பெண், வாய் மட்டும் பெரிது.

"யக்கா, சந்தியா முந்தாநாளு எங்காலயும் புடிச்சுது. எதுக்காம்?"

"அவங்கம்மா இதோ ஒக்காந்துகினு இருக்கறா. அவளக் கேளு" என்றாள் விருத்தாம்பாள். அவள் கேட்டால் கேள்வி. கேட்கச் சொன்னால் அது விசாரணை.

"சின்ன மொதலாளிக்கு வெப்சைட்டாம்க்கா. உப்பு பாக்கெட்டு விக்கறதுக்கு" என்றாள் அந்தோணியம்மாள், டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

"உப்பு விக்கறவன் உப்பத்தான காட்டணும்? நம்ம பித்தவெடிப்பக் காட்டினா எவன் வாங்கிச் சோத்துல போட்டுக்குவான்?" என்றாள் கலைமதி.

எல்லாரும் சிரித்தார்கள். விருத்தாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்கு ஒரு ரோசன தோணுது, அந்தோணி. தப்பா எடுத்துக்காத. நாம மெதுவா போறோம், வேகமா போறோம்னு உன் பொண்ணு புடிச்சி அந்தத் தம்பியாண்ட காட்டுதா? நாளைக்கு அவன் வந்து, இன்னாரு இன்னாரு வேணாம்னு சொன்னா நான் இன்னா பண்றது?"

"ஐயோ, எம்பொண்ணு அப்புடிப்பட்டவ இல்லக்கா!"

"எந்தப் பொண்ணும் அப்புடிப்பட்டவ இல்ல, அவங்கம்மாவுக்கு." டீயை ஒரே மடக்கில் குடித்து டம்ளரைக் கவிழ்த்தாள். "அது கெடக்கட்டும். அவன் வந்து பாத்தான்னா தப்பு அவன் மேல இல்லியே. நம்ம வண்டவாளம் நமக்கே தெரியும். பக்கத்துப் பாத்தி செட்டு வெயிலு ஏர்றதுக்குள்ள முடிச்சுட்டு ஊட்டுக்குப் போவுது. நாம மண்ட காஞ்சி நிக்கறோம். வரிசையில எங்கியோ இடிக்குது. நான் முன்னால போறவ, எனக்கு முதுவுல கண்ணு இல்ல. எங்க இடிக்குதுன்னு பின்னால வர்றவங்க சொல்லணும்."

எல்லார் கண்ணும் கொளஞ்சியிடம் போனது. கொளஞ்சி டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அந்தோணி, நீதான அவ பின்னாலயே வர்ற? உங்கண்ணு முன்னாலதான அவ காலு இருக்குது? நீயே சொல்லு."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அந்தோணியம்மாளின் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, படபடவென்று அடித்துக்கொண்டது. இவ்வளவு நேரம் தன் மேல் இருந்த கண்கள் இப்போதுதான் வேறு பக்கம் திரும்பியிருக்கின்றன. ஒரு வார்த்தை சொன்னால் அவை அங்கேயே நின்றுவிடும். மேலும், அது பொய்யும் இல்லையே?

"மெதுவாத்தான்க்கா போறா" என்றாள்.

கொளஞ்சி டம்ளரிலிருந்து கண்ணைத் தூக்கி அவளைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு மறுபடி டீயை ஊதினாள். "நெஜந்தான்க்கா. உடம்பு கனத்துப் போச்சு. நாளைலேருந்து நான் ரொப்பற எடத்துல நிக்கறேன்."

"அரைப் பங்கு" என்றாள் விருத்தாம்பாள்.

"தெரியும்க்கா. செட்டுக்குச் சட்டம் ஒன்னுதான?"

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. அதுதான் அந்தோணியம்மாளைத் தின்றது. எவளாவது சும்மா விட்டுக்கொடுப்பாளா? கொளஞ்சி வாயில்லாப் பூச்சியும் இல்லை. குழாயடியில் அவள் வாயைத் திறந்தால் பானை தானாக வழிவிடும். அப்படிப்பட்டவள் பேசாமல் இருக்கிறாள் என்றால், என்னவோ தெரிந்து வைத்துக்கொண்டிருக்கிறாள். வேண்டும்போது எடுத்து வீசலாம் என்று பத்திரப்படுத்துகிறாள். நாளைக்கு வரிசையில் கடைசியாகப் போய் நின்றுகொள்ள வேண்டும், பின்னால் யாரும் இல்லாவிட்டால் காலை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டு, கடைசியில் வருகிறேன் என்று விருத்தாம்பாளிடமும் சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தாள்.

வந்து கால் கழுவக்கூட இல்லை, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கொளஞ்சியின் குரல். "அந்தோணி! இந்தா, மத்திக் கொழம்பு. கிண்ணத்தக் கழுவிக் குடு, போன தடவ மாரி வச்சிக்காத."

கிண்ணம் மதில் மேல் இருந்தது. மாங்காய் போட்ட குழம்பு, மணம் தூக்கியது. எப்போதும் வருகிற குழம்புதான். இன்றைக்கு எப்படி வரும்? அரைப் பங்குக்கு இறங்கின அன்றைக்கு, இறக்கிவிட்டவளுக்கு எவளாவது மீன் குழம்பு கொடுப்பாளா? அந்தோணியம்மாள் கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய்த் தட்டுப் போட்டு மூடினாள். தொடவில்லை.

நேரே அரிசி டிரம்முக்குப் போனாள். "அத அழி."

"எதம்மா?"

"எங்கால. மொத்தத்தயும் அழி. அந்தப் பையனுக்கு வேற எதனா செஞ்சி குடு."

சந்தியா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. "மொதல்ல நீ ஒரு தடவ பாரு. பாத்துட்டுச் சொல்லு, அழிக்கறேன்" என்று போனைக் கொடுத்தாள். "வெரல வச்சு மேல தள்ளு. மெதுவா."

அந்தோணியம்மாள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு தள்ளினாள். வெள்ளைப் பாத்தி வந்தது. வரப்பு வந்தது. வரப்பின் மேல் இரண்டு பொம்பளைகள், இடுப்புக்குக் கீழே மட்டும். தூக்கிச் செருகிய புடவை, கால்கள். பக்கத்தில் பாத்தித் தண்ணீரில் அவர்களுடைய நிழல் மட்டும் முழுசாக, தலையில் கூடையோடு, முன்னால் சாய்ந்து விழுந்திருந்தது. விரல் தள்ளினால் நடந்தார்கள். நிறுத்தினால் நின்றார்கள். கீழே இழுத்தால் பின்னாலேயே வந்தார்கள். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. எந்த ஊர்க்காரனோ எங்கேயோ உட்கார்ந்து விரலை ஆட்டினால் நாம் நடப்போமா என்று இருந்தது.

பின்னால் வருகிறவள் நொண்டினாள்.

"பாத்தியா? பாத்தியா? இது நொண்டுது!"

"ஆமா. நானே கேக்கணும்னு இருந்தேன். எப்பலேருந்தும்மா?"

"சுமைல எல்லாருக்கும் அப்புடித்தான் வரும்."

"பொய் சொல்லாத. ஒவ்வொரு ஃப்ரேமா உன் கால வரைஞ்சவ நானு."

அதற்குமேல் அந்தோணியம்மாளால் மழுப்ப முடியவில்லை. "எடுத்துடுடி. அந்த நொண்டல மட்டுமாச்சும் எடுத்துடு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"உங்காலு எனக்குப் பிரச்சனையே இல்லம்மா. அது ஒரே மாரி நொண்டுது. ஒரே மாரி இருந்தா எந்த டூலும் ஏத்துக்கும். முன்னால போறது கொளஞ்சி அத்ததான? அவங்க காலுதான் நாலு நாளா என் உயிர எடுக்குது. நல்லா போய்க்கினே இருக்குது, திடீர்னு தூக்கின காலு அப்புடியே நிக்குது. அப்பறம் எறங்குது. மூணு டூல்லயும் போட்டுப் பாத்துட்டேன், மூணுத்துலயும் ஜெர்க் அடிக்குது. லேப்டாப் ஹேங் ஆவுதோன்னு ரீஸ்டார்ட் கூட பண்ணேன். போன்ல எடுத்தப்பவே எதனா ஃப்ரேம் போயிருக்கும்."

"எங்க நிக்குது?"

"நீயே தள்ளிப் பாரேன்."

அந்தோணியம்மாள் மறுபடி விரலை வைத்தாள். இந்த முறை தன் காலைப் பார்க்கவில்லை. கொளஞ்சியின் காலைப் பார்த்தாள். இந்த வருசம் முழுக்க அந்தக் காலுக்குப் பின்னாலேயே நடந்திருக்கிறாள், ஒரு நாளும் பார்த்ததில்லை. தன் முட்டியைக் கவனித்து நடக்கவே அவளுக்குப் பொழுது சரியாக இருந்தது.

கொளஞ்சியின் கால் எழுந்தது. நின்றது. விரலை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். கால் அந்தரத்தில் அப்படியே நின்றது. தண்ணீரில் பின்னாலிருந்து ஒரு கூடையின் நிழல் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. அந்தோணியம்மாளின் கூடை. அது கொளஞ்சியின் பாதத்துப் பக்கம் வந்ததும் கால் இறங்கியது.

கீழே இழுத்தாள். நிழல் பின்னால் போனது, கால் எழுந்து நின்றது. மேலே தள்ளினாள். நிழல் வந்தது, கால் இறங்கியது. திரும்பவும் செய்தாள். திரும்பவும் அதேதான். நொண்டி நொண்டி நிழல் பின்தங்குகிற ஒவ்வொரு இடத்திலும் கொளஞ்சியின் கால் தரையைத் தொடாமல் காத்துக்கொண்டிருந்தது.

"இந்த நிறுத்தத்த எடுத்துட்டா ஸ்மூத்தா வரும்மா. சதீஷ் சாரும் ஸ்மூத்தாதான் கேட்டாரு. எடுத்து ஒரு காப்பி வச்சிருக்கேன், பாரு" என்று சந்தியா போனை வாங்கி எதையோ தட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தோணியம்மாள் தள்ளினாள். கொளஞ்சி விறுவிறுவென்று நடந்தாள். கனத்த உடம்பா அது? அப்படி ஒரு வேகம். இரண்டு பேருக்கும் நடுவில் வெள்ளை வெளேரென்று இடைவெளி விழுந்தது. தள்ளத் தள்ளப் பெரிதானது. கொளஞ்சி திரையை விட்டே போய்விட்டாள். வரப்பில் ஒருத்தி மட்டும் நொண்டிக்கொண்டிருந்தாள்.

"அடிப் பாவி" என்றாள் அந்தோணியம்மாள். யாரைச் சொன்னாள் என்று சந்தியாவுக்குப் புரியவில்லை. அம்மா போனை டிரம்மின் மேல் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி, அடிப் பாவி! என் வாயில புழு புழுக்க!"

"அம்மா! இன்னாம்மா?"

அழுகைக்கு நடுவே சொன்னாள். முட்டியை, டீக் கேனை, மெதுவாத்தான்க்கா போறா என்று தன் வாயால் சொன்னதை. சொல்லச் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. சந்தியா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்துத் தானும் ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள்.

"அப்போ இது டூலோட தப்பு இல்லியா?"

"டூலுக்கு இன்னாடி தெரியும்" என்று மூக்கைச் சிந்தினாள் அந்தோணியம்மாள். "அந்த நிறுத்தத்த எடுக்காத. நொண்டலயும் எடுக்காத. இருக்கறத இருக்கற மாரியே குடு."

"ஜெர்க் அடிக்குதுன்னு சொல்வாரும்மா. வேலைய வாணாம்னு கூட சொல்லிடலாம்."

"சொன்னா சொல்லட்டும். காலப் புடிச்சவ நீ, நீதான் சொல்லணும், காலு அப்புடித்தான்னு."

மூடி வைத்த கிண்ணத்தைத் திறந்து, சோற்றில் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டாள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுக் கிண்ணத்தைக் கழுவி மதில் மேல் வைத்தாள். கூப்பிட்டுச் சொல்ல நாக்கு எழவில்லை.

காலையில் உப்பளத்தில் கடற்காற்று லேசாக அடித்தது. கொளஞ்சி மண்வெட்டியோடு ரொப்புகிற இடத்தில் நின்றிருந்தாள். செட்டு சும்மாடு சுற்றிக்கொண்டு வரிசைக்கு வந்தது. அந்தோணியம்மாள் விருத்தாம்பாளுக்கு அடுத்தபடியாகப் போய் நின்றாள்.

"கடைசில வர்றேன்னு நேத்து ஊட்டுக்குப் போவறப்ப சொன்னியே?" என்றாள் விருத்தாம்பாள்.

"இல்லக்கா. இங்கியே வர்றேன்."

கூடை ஏறியது. விருத்தாம்பாள் முன்னால் நடந்தாள். அந்தோணியம்மாள் நொண்டியபடி நடந்தாள். மறைக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாகவும் போகவில்லை, அந்தக் காலுக்கு எப்படி வருமோ அப்படிப் போனாள். அவளுக்கும் விருத்தாம்பாளுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. அது பெரிதாகிக்கொண்டே போனது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருத்தியாக நின்றார்கள். "யக்கா, போக்கா!" என்று கத்தின கலைமதி, பிறகு காலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்பின விருத்தாம்பாள் அங்கேயே நின்று, அவள் வந்து சேர்கிறவரைக்கும் பார்த்தாள்.

"எப்பலேருந்து?"

"போன மழைக்கு முன்னாலேருந்துக்கா. இடிச்சது நான்தான். கொளஞ்சி இல்ல. அவ எனக்காவ நின்னு நின்னு போனா. தெரிஞ்சும் தெரியாமயும் நான் அவளக் காட்டிக்குடுத்தேன்."

"உம்பொண்ணு வேவு பாக்கறவ இல்லன்னு நேத்து சொன்னியே. நீ இன்னா பண்ண?"

அந்தோணியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். விருத்தாம்பாள் காலிக் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சட்டம் ஒன்றுதானே.

"போயி மண்வெட்டிய வாங்கு. கொளஞ்சிய வரச் சொல்லு."

திரும்பி வருகிற வரப்பு அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. கொளஞ்சி எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்த்திருந்தாள். அந்தோணியம்மாள் வந்து கையை நீட்டியதும் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு, சும்மாட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"எப்பலேருந்துடி உனக்குத் தெரியும்?"

"பாத்தி மிதிக்கறப்பவே தெரியும்."

"ஏன்டி என்னாண்ட சொல்லல?"

"நீ என்னாண்ட சொல்லலியே."

அந்தோணியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உப்பை வெட்டிக் கூடையில் போட்டாள்.

"நேத்து நீ மெதுவாத்தான் போறான்னு சொன்ன பாரு" என்றாள் கொளஞ்சி, "கேன்ல இருந்த சூடு டீயத் தூக்கி உன் தலையில கவுக்கணும்னு இருந்துச்சு. தோ, இப்பவும் இருக்குது."

"கவுத்திருக்கலாம் இல்ல?"

"கவுத்துட்டு? கொழம்பு யாருக்குக் குடுக்கறது? எங்கூட்டுக்காரருக்கு மத்தி ஆவாது."

அந்தோணியம்மாள் சிரித்துவிட்டாள். சிரிப்பும் அழுகையுமாக இன்னொரு வெட்டு போட்டுவிட்டு மண்வெட்டியை நிறுத்தினாள். கூடை முக்கால்தான் நிறைந்திருந்தது. கனமாக வேண்டாம் என்று அவள் கை தானாக நின்றது.

கொளஞ்சி பார்த்தாள். "இன்னும் போடுடி. நல்லா ரொப்பு. இனிமேட்டுக்கு யாருக்காவ நான் மெதுவா போவணும்?"

நிறைத்தாள். இரண்டு பேருமாகத் தூக்கித் தலையில் ஏற்றினார்கள். கொளஞ்சி வரப்பில் ஏறி நடந்தாள். போனில் பார்த்தாளே, அதே விறுவிறு நடை. முன்னால் போன கலைமதியைக் கிட்டத்தட்ட நெட்டித் தள்ளுகிற வேகம். வெயில் முதுகுப் பக்கம் ஏறியிருந்தது. பாத்தித் தண்ணீரில் அவள் நிழல் மட்டும் அவளுக்கு முன்னால் போனது.

அடுத்த கூடை வந்து காத்திருந்தது. அந்தோணியம்மாள் மண்வெட்டியைப் போடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வரப்பு திரும்புகிற இடத்தில் கொளஞ்சியின் கால் எழுந்து, அப்படியே நின்றது. தலைச்சுமை ஆடாமல், கண்ணை மட்டும் சாய்த்துப் பக்கத்துத் தண்ணீரைப் பார்த்தாள். பின்னாலிருந்து நிழல் எதுவும் வரவில்லை. இன்னும் ஒரு நொடி பார்த்துவிட்டு, காலை ஊன்றி நடந்தாள்.